நான் குடித்த வாய்க்கால்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. அங்கே நீயும் உன் வீட்டாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. இது உன் கைக்கு வரும்போது நான் இருப்பேனோ மாட்டேனோ, அதனால் பிழையைப் பார்த்துச் சிரிக்காமல் படி. உன்னை இடுப்பில் சுமக்கத்தான் என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் சாயப்பட்டறை இருக்கிறதல்லவா, அதன் வாய்க்கால் ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் நீலமாக ஓடும். அதில் ஒரு தவளை கத்திக்கூட நான் கேட்டதில்லை. கல்லூரியில் படிக்கிற என் பேத்தி அந்தத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக மொண்டுவந்து, ஆரஞ்சுத் தோலையும் வாழைப்பழத் தோலையும் மொட்டைமாடியில் காயவைத்து, என் மிக்சியில் பொடியாக்கி, அதில் கொட்டிக் கலக்கி வடிகட்டுகிறாள். நீலம் போய்ப் பளிங்காக வருகிறது.

"சாயம் எங்கேடி போச்சு?" என்றேன்.

"தோலுல ஒட்டிக்கிச்சு பாட்டி."

"எல்லாமா?"

"கண்ணுக்குத் தெரியற நிறம் போச்சு. மிச்சம் என்ன இருக்குன்னு காலேஜ்ல சோதிச்சாத்தான் தெரியும்."

திருடன் சட்டையைக் கழற்றிவிட்டால் திருடன் இல்லை என்று ஆகிவிடுமா? அன்றைக்கே நினைத்தேன். நினைத்தவள் அந்த நினைப்போடு இருந்திருக்கக் கூடாதா? இன்று காலை ஜன்னலோரம் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து, பிரஷர் மாத்திரையைப் போட்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். டம்ளரைக் கீழே வைக்கிறேன், போன் அடிக்கிறது, பேத்தி. "பாட்டி, ஜன்னல்கிட்ட டம்ளர்ல இருக்கறது வடிகட்டின வாய்க்கால் தண்ணி, யாரும் தொட்டுறாதீங்க. மத்தியானம் வந்து எடுத்துக்கறேன்." "சரிடி" என்று போனை வைத்துவிட்டேன். குடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தத் தண்ணீர்ப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவளே நான்தான்.

கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருந்தது. சரி, நீலம் உள்ளே இறங்கிவிட்டது. கையைப் பார்த்தால், ஐயோ, நரம்பெல்லாம் நீலம். ஓடிப்போய் நீட்டினேன், "மாப்பிள்ளை, இது முன்னாடியே நீலமா?" அவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நல்லா இருக்கு அத்தை" என்றார். புது வளையல் என்று நினைத்தாரோ என்னவோ. நான் போன பிறகும் இந்த மனுஷனுக்குச் சொல்லித்தான் தெரியவேண்டும்.

எதிர் மருந்துக்கடைக்குப் போனேன். "சாயத் தண்ணி குடிச்சா என்னப்பா ஆகும்? எனக்கில்ல, எங்க வீட்டுப் பூனைக்கு."

"பூனைக்கு என்ன வயசும்மா?"

பதற்றத்தில், "எழுபத்தாறு" என்றேன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "பூனையை உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார். அவரே எழுந்து நின்றால் என் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்து படுத்தேன். கண்ணை மூடினால் அந்த வாய்க்கால் எனக்குள்ளே ஓடுகிற சத்தம் கேட்கிறது. பயமாக இருக்கிறதடி. யாரிடம் சொல்ல, உன்னிடம்தான் சொல்கிறேன்.

போகிற நேரத்தில் பாரம் எதற்கு. என் கல்யாணத்துக்கு வந்த வெள்ளைப் போர்வையை உன் சிவப்புப் பாவாடையோடு ஊறப்போட்டு ரோஜா நிறம் ஆக்கினாயே, "காத்துல காய்ஞ்சா போயிடும்க்கா" என்று கூசாமல் சொன்னாயே, அதை மன்னித்துவிட்டேன். பேத்தியின் தோல்பொடியைக்கூட ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் அதில் போட்டுப் பார்த்தேன், அந்தச் சாயம் அசையவில்லை. போகட்டும். முழு மனதோடு மன்னித்துவிட்டேன். நீயும் உன் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு வாழ வேண்டும். என்னை நினைத்து அதிகம் அழாதே. கொஞ்சம் அழு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: பேத்தி வந்தாள். அழுதுகொண்டே சொன்னேன். அவள் ஜன்னல் திரையை விலக்கினாள், பின்னால் இன்னொரு டம்ளர். "வாய்க்கால் தண்ணி இதோ அப்படியே இருக்கு. நீங்க குடிச்சது, பக்கத்துல வெச்சு நிறம் பாக்கறதுக்காக நான் ஊத்தின நம்ம குடிதண்ணி." ஆகவே நான் சாகவில்லை. ஆகவே மேலே மன்னித்தது செல்லாது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம், கை வலிக்கிறது. அந்த வரிகளை நீயே அடித்துவிடு. ஆசீர்வாதம் மட்டும் இருக்கட்டும், அது பிள்ளைகளுக்கு.