ஒருவரும் தாமதமாக வரவில்லை

மூன்று வாரமாக ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வரவில்லை. தண்டாயுதபாணி வாத்தியாருக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

மலைமேல் வில்பட்டிக்கு அப்பால், மேட்டில் இருந்தது அந்தத் தொடக்கப் பள்ளி. ஊர்க் குழாயோ கீழே, லாரி திரும்பும் வளைவில். பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏறி வர ஒரே வழிதான் உண்டு. மணி அடித்த பிறகு வருகிற பிள்ளை, பையை வைத்துவிட்டுக் கீழே இறங்கி, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பாத்தியில் ஊற்ற வேண்டும். தலைமையாசிரியை சிவபாக்கியம் போட்ட தண்டனை அது.

காலையில் காய்கறி லாரி ஆரன் அடித்துக் கிளம்பும். மூட்டை ஏற்றி முடித்த தாய் தகப்பன்மார் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பிள்ளைகளை விரட்டுவார்கள். பிள்ளைகள் மூச்சு வாங்க மேடேறி வருவதற்குள் மணி அடித்துவிடும். தோட்டத்தில் பீன்ஸும் முட்டைக்கோசும் செழித்து நின்றன. மதியச் சாம்பாருக்குக் காய் அங்கிருந்துதான் வந்தது.

மகளின் பிரசவத்துக்காகப் பழனிக்கு இறங்கியபோது சிவபாக்கியம் பொறுப்பை வாத்தியாரிடம் கொடுத்தார்.

"தோட்டத்தை மட்டும் காயவிட்டுராதீங்க சார். மத்ததெல்லாம் நான் வந்து பாத்துக்கிடுறேன்."

தோட்டத்து நிலம் ஊர்க்காரர் திருமலைச்சாமியுடையது. "பச்சையா கெடக்குற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு. காஞ்சா, நான் பூண்டு போட்டுக்கிடுவேன்" என்று ஊரறியச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

வாத்தியாருக்குச் சொந்த ஊரே பழனிதான். எதையும் திறந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பொறுப்பேற்ற மறுநாளே சாய்ந்திருந்த கரும்பலகையை நிமிர்த்தினார். கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். சுவர்க் கடிகாரத்தைத் துடைத்து, பஞ்சாயத்து ரேடியோவைக் கேட்டு நேரத்தைச் சரிசெய்தார். சுற்றாமல் நின்றிருந்த உலக உருண்டையைச் சுற்ற வைத்தார். காலத்தின் அருமையைப் பற்றி ஒரு பாடமும் நடத்தினார்.

பிள்ளைகள் திருந்தியபோது அந்தப் பாடத்தைத்தான் அவர் மெச்சிக்கொண்டார். பீன்ஸ் கொடி தலையைத் தொங்கப்போட்டபோதுதான் விஷயம் உறைத்தது.

"தோட்டத்துக்கு ஆளுக்கொரு குடம் தண்ணி எடுத்தாரலாமா?" என்று வகுப்பில் கேட்டார்.

ஐந்தாம் வகுப்பு அன்னக்கொடி எழுந்தாள்.

"நாங்க யாரும் லேட்டா வரலையே சார்."

"லேட்டுக்காக இல்லம்மா. தோட்டத்துக்காக."

"குடத்தோட ஏறுனா ஊரே சிரிக்கும் சார். என்ன தப்புப் பண்ணுனேன்னு எங்காத்தா கேக்கும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தண்டனையாகப் பழகிய வேலையை யாரும் ஆசையாகச் செய்ய மாட்டார்கள். சரி, நாமே தூக்கி, அது கௌரவமான வேலைதான் என்று காட்டிவிடுவோம் என்று மறுநாள் அவரே குடத்தோடு குழாய்க்கு இறங்கினார்.

குழாயடியில் நின்ற வேலுத்தாய், குடத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க சார், இன்னைக்கு நீங்க லேட்டா?"

"இல்லம்மா, சும்மாதான்."

"அதுக்கென்ன சார், மனுசன்னா அசந்து தூங்குறதுதான். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் திருமலைச்சாமி வழிமறித்தார்.

"வாத்தியாரே, டீச்சர் இல்லைன்னா நீங்களே லேட்டா வர்றீங்களாமே? அது கெடக்கட்டும், கொடி ஏன் வாடிக் கெடக்கு? வர்ற வெள்ளிக்கிழம பாப்பேன். இப்படியே கெடந்தா பூண்டுதான்."

மனிதர்களை நம்பிப் பயனில்லை, இயற்கை விதிகளை நம்புவோம் என்று வாத்தியார் முடிவு செய்தார். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மேடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் முட்புதருக்குள் ஒரு சுனை. மேட்டைத் தாண்டித் தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான்.

"தண்ணி மேடேறாதுன்னு யார் சொன்னா?" என்று வகுப்பில் கேட்டார். ஒரு டம்ளர் தண்ணீரில் உள்ளீடற்ற பூசணி இலைக்காம்பை வளைத்து வைத்து, மறுமுனையை உறிஞ்சிவிட்டார். டம்ளரின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் தானாகவே கீழே ஒழுகியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"குழாய் முழுக்கத் தண்ணி இருக்கணும். நடுவுல காத்து நுழையக் கூடாது. மறுமுனை சுனையைவிடத் தாழ்வா இருக்கணும். அப்போ இறங்குற தண்ணி, பின்னால வர்ற தண்ணியை மேட்டுக்கு மேல இழுத்துக்கிட்டே வரும்."

மூங்கில்களை வெட்டி, கம்பியால் கணுக்களைக் குத்தி எடுத்து, ஒன்றோடொன்று செருகினார். இணைப்புகளில் காற்று நுழையாமல் அடைக்க வேண்டும். மதில் கட்டுகிறவர்கள் சுண்ணாம்பில் கொஞ்சம் வெல்லச்சாறு கலப்பது நினைவுக்கு வந்தது. ஆனால் அவருடைய குடும்பம் பஞ்சாமிர்தக் கடைக் குடும்பம். இனிப்பில் கை சுருங்கி அவர்களுக்குப் பழக்கமில்லை. சுண்ணாம்பு கொஞ்சமாகவும் வெல்லம் தாராளமாகவும் விழுந்தன.

ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் ஒழுங்காக வந்தது. வாத்தியார் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றார்.

மறுநாள் விடியலில் குரங்குகள் வந்தன. இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நக்கித் தீர்த்து, மூங்கிலைச் சரிவில் உருட்டிவிட்டன. இனிப்புக்கு மேல் கடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது பீன்ஸ் கண்ணில் பட்டது.

இதில் இன்னொரு கெடுதலும் நேர்ந்தது. குரங்கு வேடிக்கை பார்ப்பதற்காகப் பிள்ளைகள் எல்லாரும் முன்னைவிட வெள்ளனே வரத் தொடங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் திருமலைச்சாமி மண்வெட்டியோடும் பூண்டு மூட்டையோடும் வந்து நின்றார்.

"இதென்ன வாத்தியாரே, தோட்டமா, பஞ்சத்துல அடிபட்ட காடா?"

வாத்தியார் இயற்கை விதிகளை விளக்க வாயெடுத்தார். அதற்குள் மேட்டில் ஏறி வந்தார் சிவபாக்கியம். பேரன் பிறந்த மகிழ்ச்சி முகத்தில் இருந்தது, தோட்டத்தைப் பார்க்கிற வரைக்கும்.

"என்ன சார் இது?"

"பிள்ளைக யாரும் லேட்டா வர்றதில்லீங்க டீச்சர். நான் நடத்துன பாடம் ரொம்ப நல்லா வேலை செஞ்சிருச்சு. எப்படி நிப்பாட்டுறதுன்னுதான் தெரியல."

கீழே லாரி ஆரன் அடித்தது. சிவபாக்கியம் ஜன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின.

"அண்ணே, அடுத்த வெள்ளி வரைக்கும் பொறுத்துக்கங்க" என்றார் திருமலைச்சாமியிடம். "தண்ணி வந்துரும்."

"உங்க வாக்குக்காகப் பொறுக்கேன் டீச்சர். எனக்கும் வேற சோலி கெடக்கு" என்று திருமலைச்சாமி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"எப்படீங்க டீச்சர் வரும்?" என்று வாத்தியார் பதறினார். "மூங்கில்கூட இப்ப இல்லையே."

சிவபாக்கியம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெரசா உள்ள போய் அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிசம் முன்னால தள்ளி வைங்க சார். நாலு வருசமா நான் அப்படித்தான் இந்தத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கேன்."