றொஷேலின் குரலில் ஒரு கரகரப்பு

"தம்பி, பாட்டு நல்லம். ஆனா கரகரக்குது."

அமிர்தநாயகம் போனில் இப்படிச் சொன்னதும் றொகான் வாயில் வைத்த பாணை மெல்ல மறந்தான். அமிர்தநாயகம் தலைமன்னாரில் படகு வைத்திருப்பவர், கோயில் திருவிழாக் குழுவுக்குத் தலைவர். கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் எந்தப் பாட்டுப் போவது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். வாட்ஸ்அப் எல்லாம் அவருக்கு ஆகாது. முதல் நாள் தன் பட்டன் போனின் சிப்பை மனைவி திரேசம்மாவிடம் கொடுத்தனுப்ப, றொகான் அதில் பாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தான்.

"எந்த இடத்திலை அண்ணே கரகரக்குது?"

"எல்லா இடத்திலையும்தான். உயத்திப் பாடேக்கை இன்னும் கூட. உம்மட மனுசிக்குத் தொண்டை கட்டியிருந்ததோ?"

"இல்லையே அண்ணே."

"எதுக்கும் பாரும். நாளைக்குப் பின்னேரம் குழு கூடுது. சரிவராட்டில் போன வருசப் பாட்டையே போடுவம். வைக்கிறன் தம்பி, இந்த லைனும் ஒரே கரகரப்பு."

தலைமன்னாரில் போன் கரகரத்தால் பழி அக்கரையிலுள்ள இந்தியப் போன் கோபுரத்துக்குத்தான். றொகானும் அதை அப்படியே விட்டுவிட்டான்.

அவன் விட்ட பிழை, போனை ஸ்பீக்கரில் போட்டதுதான். எதிரே தேநீர்க் கோப்பையோடு நின்ற றொஷேல் ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டாள். இத்தனை வருடமாகப் பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்றவளை, கெஞ்சிக் கூத்தாடித் தனியாகப் பாட வைத்து, வீட்டுக் கணினியில் பதிந்தவன் அவன்.

"நான் அப்பவே சொன்னனான், எனக்குத் தனியப் பாட வராதெண்டு."

"உன்ர குரலிலை ஒண்டுமில்லை. கொம்பியூட்டரிலைதான் ஏதோ."

அவள் தொண்டைக்குக் கொத்தமல்லி அவிக்கப் போனாள். அந்தப் போக்கு றொகானுக்கு நெஞ்சில் குத்தியது. கரகரப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காவிட்டால், இனி இவள் குளியலறையில்கூடப் பாடமாட்டாள்.

ஹெட்போனை மாட்டிப் பாட்டைக் கேட்டான். துப்புரவாக இருந்தது. இன்னொரு தரம் கேட்டான். அதே துப்புரவு. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டபோது, அடியில் ஏதோ உரசுவது போலிருந்தது. ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தைக் காது தானே செய்துகொள்ளும். அதிலும் றொகானின் காது, குளிர்சாதனப் பெட்டி எந்தச் சுருதியில் உறுமுகிறது என்று தேடித் திரியும் காது.

முதலில் வயர்களை மாற்றினான். உரசல் போகவில்லை. பஃபர் என்கிற அளவைக் குறைத்தால் தெளியும் என்று யூடியூப்பில் ஒருவர் சொன்னார். குறைத்தான். பாட்டு விக்கல் எடுத்தவன் பாடுவதுபோல் விட்டுவிட்டு வந்தது. கூட்டினான். விக்கல் நிற்கவில்லை. சவுண்ட் டிரைவரைப் புதிதாக இறக்கிப் போட்டான். சத்தமே நின்றுபோயிற்று.

"இப்ப கரகரப்பு இல்லைத்தானே?" என்றாள் அறை வாசலில் வந்து நின்ற றொஷேல். கழுத்தில் சால்வை சுற்றியிருந்தது.

"இப்ப ஒண்டுமே இல்லை."

மன்னார்க் காற்று இரும்பைச் சும்மா விடாது என்பது நினைவுக்கு வர, கணினிப் பெட்டியைக் கழற்றினான். உள்ளே உப்பும் மணலும் படிந்து கிடந்தன. ஆகா, பிடித்துவிட்டோம் என்று முகச்சவரத் தூரிகையால் ஆசையாகத் துடைத்தான். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. எங்கே உரியது என்று தெரியவில்லை. பெட்டிக்குள்ளிருந்த காற்றாடி மட்டும் படகு எஞ்சின்போல இரையத் தொடங்கியது.

மன்னார் டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் பிரணவனுக்கு எடுத்தான்.

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடு மச்சான். அதுக்கு முதல் பாட்டைப் பென் டிரைவிலை ஏத்தி வை."

ஏற்றி வைத்தான். அழித்தான். புதிதாகப் போட்டான். சத்தம் கணீரென்று வந்தது. பென்னைச் செருகித் திறந்தான். உள்ளே இருந்தது பாட்டு அல்ல. பாட்டு இருக்கும் இடத்தைக் காட்டுகிற வெறும் குறி. அவன் திரையில் கண்ட படத்தைத்தான் பிடித்து இழுத்துப் போட்டிருந்தான். அது காட்டிய இடம் இப்போது உலகத்திலேயே இல்லை.

றொகான் கதிரையில் அப்படியே இருந்துவிட்டான். அழுகை வரும்போலிருந்தது. திரும்பப் பாடச் சொல்ல வாய் வராது. சொன்னாலும் அவள் பாடமாட்டாள். அவள் குரல் இப்போது ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. அமிர்தநாயகத்தின் சிப்பில், கரகரப்போடு.

"வெளிக்கிடு. அமிர்தநாயகத்தார் வீட்டை போவம்."

"நான் ஏன்? என்ர தொண்டையைக் காட்டவோ?"

"நீ வராட்டில் நான் என்னெண்டு அந்த வீட்டுப் படி ஏறுவன்?"

அவள் சால்வையை இறுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினாள்.

திரேசம்மா வாசலுக்கு வந்து கூட்டிப்போய் விறாந்தையில் இருத்தினாள். "இவர் இப்பதான் கடலாலை வந்து படுத்திருக்கிறார். தேத்தண்ணி போடட்டே?"

"வேண்டாம் அக்கா. அந்தப் பாட்டை ஒருக்காத் திரும்ப எடுக்க வேணும்."

"அதையோ? கரகரக்குது எண்டு பேசிப் பேசி அதையேதான் கேட்டுக்கொண்டு கிடக்கிறார்."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளறையில் பாட்டு எழுந்தது.

றொகான் நிமிர்ந்து உட்கார்ந்தான். கரகரத்தது. கற்பனை இல்லை, காதின் குற்றம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் கரகரத்தது. உயர்த்திப் பாடிய இடத்தில் சரசரவென்று நொறுங்கியது. இப்படியொரு சத்தத்தை அவன் எந்த ஸ்பீக்கரிலும் கேட்டதில்லை. இது எங்கிருந்து வருகிறது என்று கழுத்தை நீட்டி, பிள்ளைபோல ஆவலாகக் கேட்டான்.

பக்கத்தில் றொஷேல் சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நான் சொன்னனான்தானே," என்றாள் மெதுவாக.

திரேசம்மா அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் போனைப் பொலித்தீன் சொப்பிங் பையாலை வெளியிலை எடுத்துப்போட்டுப் பாட்டைக் கேளுங்கோவன், கடலிலை நனையுமெண்டு கட்டினது சரி, கட்டிலிலையும் நனையுமே?"