மாமனார் தலைமேல் வைத்துக் கும்பிட்ட போட்டோ

பிள்ளைகளே, யாராவது தன் போட்டோவை நீட்டி, "எப்படி இருக்கு? மனசுல பட்டதச் சொல்லுங்க" என்று கேட்டால், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உடனே அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். கேட்கிறவனுக்கு வேண்டியது அந்த இரண்டு வார்த்தைதான். இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அப்படி நீட்டிக்கொண்டு திருவண்ணாமலை முழுக்க அலைந்த ஆள் நான்.

அப்போது உங்கள் பெரியக்கா கைக்குழந்தை. நீங்கள் இருவரும் பிறக்கவில்லை (பிழைத்தீர்கள்). நான் கடலை மண்டியில் எடை போடுகிற வேலையில் இருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. உங்கள் தாத்தா, அதாவது என் மாமனார், கீழ்பென்னாத்தூரில் நெல்லும் கடலையும் பயிர் வைப்பவர். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குடும்பப் போட்டோ தொங்கியது. உங்கள் பெரியம்மா குடும்பத்தின் போட்டோ. பெரியப்பா வாத்தியார் இல்லையா, அதிலும் வகுப்பில் பேசுகிற பையனைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டிருப்பார். அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருந்தது.

அந்த ஆணி என்னைத் தூங்கவிடவில்லை. உங்கள் அம்மாவுக்கும் அதன்மேல் ஒரு கண். ஆனால் தாத்தா லேசில் எதையும் மாட்டிவிட மாட்டார். உரக்கடையில் இனாமாகக் கொடுத்த காலண்டரையே, "மாட்டுக்குக் கொம்பு தப்பா வரைஞ்சிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்தவர். என்னைப் பற்றி, கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சொல்லியிருந்த ஒரே அபிப்பிராயம், "பாக்கலாம்."

சரி, போட்டோ எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்டுடியோவுக்குப் போனால் பின்னால் திரையில் மாடிப்படியும் அன்னப்பறவையும் வரைந்திருப்பார்கள். எனக்கு அது போதவில்லை. "மலை தெரியற மாதிரி எங்க மாடியில வந்து எடுங்க" என்று ஸ்டுடியோக்காரரைக் கேமராவும் ஸ்டாண்டுமாக மொட்டை மாடிக்கே வரவழைத்தேன். கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தலைக்கு மேல் வேலை.

மண்டியில் கூட வேலை செய்த நண்பரிடம் கைக்கடிகாரம் இரவல் வாங்கி இடது கையில் கட்டிக்கொண்டேன். வலது கையில் ஒரு பேனா. (மூட்டை நிறுக்கிறவனுக்குப் பேனா எதற்கு என்று கேட்காதீர்கள். சகலை வாத்தியார்!) உங்கள் அம்மா முகூர்த்தப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். பெரியக்கா என் மடியில் இருந்தபடி தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். எங்களுக்குப் பின்னால் மலை.

போட்டோ சட்டம் போட்டு வந்தது. பார்த்து அசந்துபோனேன். தினமும் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிறேனே, அச்சாக அதே முகம்! உங்கள் அம்மா மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னமோ இடிக்குதுங்க. நீங்க நீங்களாவே இல்ல" என்றாள்.

"அழகா விழுந்தா அப்படித்தான் தெரியும்" என்றேன்.

அதற்கப்புறம் போட்டோவோடு ஊர்வலம். கடிகாரம் கொடுத்த நண்பர், "வாட்ச் சூப்பரா விழுந்திருக்குப்பா" என்றார். மண்டி முதலாளி திருப்பிப் பார்த்து, "சட்டம் தேக்கா?" என்றார். யாரும் மனசு விட்டுச் சொல்லவில்லை என்று எனக்குக் குறை. பொய் சொல்லத் தெரியாத ஒருவர் வாயால் கேட்கவேண்டும். அப்படி எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார். தீபத்துக்கு எப்படியும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

"வேணாங்க" என்றாள் அம்மா. "எங்கப்பாகிட்ட சும்மா குடுத்தா வாங்கிக்குவாரு. கேட்டா சொல்லிடுவாரு."

அவள் பேச்சைக் கேட்டேனா? இல்லை.

தீபத்தன்று சாயங்காலம் தாத்தா, பெரியம்மா, பெரியப்பா என்று எல்லோரும் எங்கள் மாடியில் இருந்தோம். தாத்தா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான். மலை உச்சியில் முதல் சுடர் எழும்புவதைக் கண்ணால் கண்டபிறகுதான் அவருக்குச் சாப்பாடு. சிறு வயதிலிருந்து ஒரு வருஷம்கூட அந்தச் சுடரைத் தவறவிட்டதில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. அப்படிப்பட்டவர் மலையையே பார்த்து நின்றுகொண்டிருக்கும்போது, நான் போட்டோவை நீட்டினேன்.

"மாமா, மனசுல பட்டத ஒளிக்காம சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, மலை திரும்பி நிக்குது?"

பெரியப்பா சிரித்தார். "மலை எப்படி மாமா திரும்பும்?"

"கண்ண தொறந்து பாருங்க வாத்தியாரே. அதோ, அந்தப் பக்கம் தோள் மாதிரி ஒரு முண்டு இருக்குதில்ல? இதுல இந்தப் பக்கம் கீது."

எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். பெரியம்மா, "அய்ய, முந்தானை வலது தோள்ல கீதுடி!" என்றாள். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "சகலை எப்பலருந்து இடது கையில எழுதறாரு?" என்றார். வாட்ச் வலது கைக்குப் போயிருந்தது. சட்டைப்பையும் இடம் மாறியிருந்தது. ஸ்டுடியோக்காரர் தீப அவசரத்தில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டார் என்பது வாத்தியாருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தாலும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

"அதெல்லாம் கெடையாது! நான் கண்ணாடியில இப்படித்தான் இருக்கேன்! காட்டறேன் பாருங்க!" என்று கீழே ஓடி, ஆணியில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். (என்னை யாராவது படியிலேயே தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.)

தாத்தா கண்ணாடியை வாங்கிக்கொண்டார். "நீங்க கெடக்கட்டும் மாப்ள. மலை இன்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்று மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ஒரு கையில் போட்டோ, மறு கையில் கண்ணாடி. தோளுக்கு மேலாக மலை கண்ணாடிக்குள் வந்து நின்றது.

"அட, இதுல சரியா கீதே!"

எங்கே எங்கே என்று எல்லோரும் அவரைச் சுற்றித் தலையை நுழைத்தோம். கண்ணாடி மலையும் போட்டோ மலையும் அச்சு அசல். முண்டுக்கு முண்டு சரியாக இருந்தது. திருவண்ணாமலையே மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்ற அந்த நேரத்தில், ஒரு குடும்பம் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் கண்ணாடிக்குள் மலை உச்சியில் ஒரு சுடர் எழுந்தது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!" ஊரே முழங்கியது. தாத்தா பதறிப்போய் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். கைகளில்தான் போட்டோவும் கண்ணாடியும் இருந்தனவே! இரண்டையும் சேர்த்துத் தலைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "அரோகரா!" என்றார்.

பக்கத்து மாடியிலிருந்து ஓர் அம்மாளின் குரல் கணீரென்று வந்தது: "இங்க பாருங்கடி! மாப்பிள்ள போட்டோவத் தலமேல வெச்சிக் கும்புடறாரு! மாமனார்னா இப்படி இருக்கணும்!"

நான் அத்தனை நாள் ஏங்கிய மரியாதை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. மாடியிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

தாத்தா மெதுவாகத் திரும்பி மலையைப் பார்த்தார். தீபம் நன்றாகக் கொழுந்துவிட்டு எரிந்தது. முதல் சுடர் போனது போனதுதான். கீழே இறங்கினார். இலை போட்டாயிற்று. உட்கார்ந்தார். கையை வைக்கவில்லை.

"நான் பாத்தனா, பாக்கலியா?" என்றார் இலையைப் பார்த்து.

வாத்தியார் பெரியப்பாவே தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவுக்குப் பின்னால். (நின்றேன் என்று எழுதக் கௌரவமாக இருக்கிறது. ஒளிந்தேன்.)

உங்கள் அம்மாதான் குழம்புப் பாத்திரத்தோடு வந்தாள். "கண்ணாடியில தெரிஞ்சது எந்தத் தீபம்பா?"

"நம்ம தீபந்தான்."

"மொதல் சுடர்தானே?"

"மொதல் சுடர்தான்."

"அப்புறம் இன்னா? இங்க நிக்கறவங்க எல்லாரையும்விட நீங்கதான் பக்கத்துல பாத்திருக்கீங்க. சாப்புடுங்க."

தாத்தா யோசித்தார். கடைசியில், "குழம்ப ஜாஸ்தியா ஊத்து" என்றார். வீடே மூச்சு விட்டது.

மறுநாள் காலை கிரிவலம் முடித்து ஊருக்குக் கிளம்பும்போது, "போட்டோ எங்க?" என்றார்.

"வேற பிரிண்ட் சரியா போட்டுக் குடுத்தனுப்பறேன் மாமா."

"வேணாம். இதையே துணியில சுத்திக் குடுங்க."

பொங்கலுக்குப் போனபோது பார்த்தோம். காலி ஆணி அப்படியே காலியாக இருந்தது. போட்டோ எதிர்ச்சுவரில் தொங்கியது, பீரோக் கண்ணாடிக்கு நேர் எதிரே. வருகிறவர்களிடம் தாத்தா, "அங்க பாக்காதீங்க. கண்ணாடியில பாருங்க. அப்பதான் எங்க மாப்ள நேரா தெரிவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 'எங்க மாப்ள' என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

பிள்ளைகளே, தீபத்தன்று சாயங்காலமானால் நம் வீட்டில் தலை சீவக்கூட ஒரு கண்ணாடி கிடைக்காமல் போவது ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா? அம்மா எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். தாத்தாவும் மாடிப்படி ஏறும்போதே கேட்டுவிடுகிறார்:

"கண்ணாடியப் பூட்டியாச்சா மாப்ள?"

"பூட்டியாச்சு மாமா."

"சாவி?"

சாவி உங்கள் அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. என்னை நம்பி யாரும் கொடுப்பதில்லை.