ஒரு வாசலில் மூன்று காவல்காரர்

2014 மே 18, ஞாயிறு. வானம் தெளிவு என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். வழக்கம்போல பல்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, சப்பாத்துகளைத் துடைத்து அடுக்கி, கதவுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். (ஒரு தடவையோடு திருப்திப்படுகிறவர்கள் எப்படித்தான் நித்திரை கொள்கிறார்களோ!)

அன்று மகள் டிலானிக்கு முதல் நன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். நாங்கள் வாழும் இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசா பகுதியிலுள்ள பங்குக் கோயில் மண்டபத்தில் மதிய விருந்து. மன்னாரிலிருந்து வரவிருந்த மனைவி ஜெயந்தியின் அண்ணனுக்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே வாழ்த்தை வீடியோவாக எடுத்து, ஊருக்குப் போய் வந்த ஒருவரிடம் பென் டிரைவில் கொடுத்து அனுப்பியிருந்தார். ஜெயந்தி அண்ணனைப் பார்த்துப் பல வருடங்கள்.

"எல்லாரோடையும் சேர்ந்துதான் அண்ணையைப் பாக்கோணும். அதுவரைக்கும் தொடாதேங்கோ," என்றாள்.

தொடவில்லை. ஆனால் ஊரில் எத்தனை கடைக் கணினிகளில் நுழைந்து, எத்தனை வைரஸைச் சுமந்து வந்ததோ! எனவே என் மடிக்கணினியில் ஒன்றுக்கு மூன்றாக வைரஸ் தடுப்பு மென்பொருள்களை ஏற்றினேன். ஒரே வாசலில் மூன்று காவல்காரரை நிறுத்தினால் முதலில் ஒருவரையொருவர்தான் பிடிப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

விருந்தினர் மீன் ரோல்ஸும் கையுமாக அமர்ந்திருக்க, பென் டிரைவைச் செருகினேன். கணினியோடு இணைத்திருந்த மண்டபத்துப் பெரிய திரையில் முதல் காவல்காரர் சிவப்பாக அலறினார். இரண்டாமவர் முதலாமவரையே வைரஸ் என்றார். மூன்றாமவர் இருவரையும் பிடிக்கப் போய், ஒலிபெருக்கியில் அபாயச் சங்கு ஊதியபடி கணினியோடு உறைந்துபோனார். (சுவாமியார் சிலுவை போட்டதாக ஜெயந்தி சொல்வாள். நான் பார்க்கவில்லை, ஆகவே எழுதிவைக்கவில்லை.)

"அப்பா, பஸ்தா, போதும்! நிப்பாட்டுங்கோ. எல்லாரும் சிரிக்கினம்!" டிலானி வெள்ளை முக்காட்டால் முகத்தை மூடினாள்.

ஜெயந்தி சிரிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, அண்ணையின்ரை வீடியோ அழிஞ்சிட்டுதோ?"

"தெரியேல்லை."

வேறு பிரதி கிடையாது. அவள் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொல்லி, தொலைபேசியை ஒலிவாங்கியருகே பிடித்தாள்.

"மச்சான்! விசாக்காரரும் மறிச்சாங்கள். இப்ப நீங்களும் மூண்டு பேரை விட்டு மறிக்கிறியளோ? நான் என்ன களவே எடுத்தனான்?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. வாழ்த்துச் சொல்லும் முன் இணைப்பு அறுந்தது. ஜெயந்தி தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில வருடங்களுக்குப் பின் அண்ணன் ஒருமுறை வந்தபோது, எங்கள் வாசலில் கைகளை உயர்த்தி நின்றார். "சோதிச்சுப் போட்டு உள்ளை விடுங்கோ, மச்சான்." இப்போதும் நான் பூட்டை இரண்டாம் தடவை இழுத்தால், வளர்ந்துவிட்ட டிலானி விடமாட்டாள். "அப்பா, மாமா வெளியிலையோ நிக்கிறார்?"

அந்த விருந்துக்கு மறுநாள் காலை, செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றாமல், முதல் வேலையாக இரண்டு காவல்காரரை வீட்டுக்கு அனுப்பினேன். மிஞ்சியவரைப் புதுப்பித்து, பென் டிரைவைச் சோதிக்கவிட்டேன். வைரஸ் இருந்தது, அகற்றினார். வீடியோ தப்பியிருந்தது. உடனே ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டு ஜெயந்தியை எழுப்பினேன்.

திரையில் அண்ணன், விசா நேர்காணலுக்கென்று தைத்த கோட்டோடு விறைப்பாக நின்றார்.

"தங்கச்சி," என்றார், "நான் வந்திட்டன்."