பின்வாசலைத் திருப்பிய நாடு

மேசையொன்றின் கீழே, சுவரை ஒட்டி, ஒரு நாடு இருந்தது. இரும்பும் கண்ணாடியுமாக எல்லை வகுக்கப்பட்ட அந்நாட்டை வெளியுலகத்தார் கணினிப் பெட்டி என்று அழைத்தார்கள். உள்ளே வாழ்ந்தவர்களுக்கோ அது பேரொளி நாடு. முன்புற இரும்பில் சல்லடைக் கண்கள் இருந்தன. அங்கே முன்வாசல் மக்கள் பெரிய விசிறிச் சக்கரங்களைச் சுழற்றிக் காற்றை உள்ளே கொண்டுவந்தார்கள். பின்புறத்தில் பின்வாசல் மக்கள் ஒற்றைச் சக்கரத்தைச் சுழற்றிச் சூடேறிய காற்றை வெளியே தள்ளினார்கள். கொண்டுவருபவர்களுக்கு விழாக்களில் முதல் வரிசையும் தள்ளுபவர்களுக்குக் கடைசி வரிசையும் என்பது எவரும் எழுதி வைக்காத, எவரும் மீறாத வழக்கம்.

நாட்டின் நடுவே, தரையில் கால் ஊன்றாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்ற நகரம் வரைவூர். வெளியுலகத்தார் அதற்கு கிராபிக்ஸ் கார்டு என்று பெயரிட்டிருந்தார்கள். மேசையில் அமர்ந்து விளையாடும் ஆட்டக்காரர் திரையில் காணும் ஒவ்வொரு காட்சியையும், காட்டின் ஒவ்வோர் இலையையும், வாளின் ஒவ்வொரு மினுக்கையும், அந்த ஊரார்தாம் வரைந்து அனுப்பினார்கள். கண் இமைப்பதற்குள் ஒரு கட்டுப் படங்கள் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தன. வரைவூரார் இருவர் தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவர் “விட்டதில்லை” என்பார். மற்றவர் “விடுவதுமில்லை” என்பார். ஒரு படத்தைக்கூட விட்டதில்லை என்பதே அவர்களுக்கு வணக்கமும் குலப்பெருமையும்.

ஆனால் வரைவது சூடு தரும் தொழில். ஊரின் சுவரில் ஒரு செங்கோடு இழுக்கப்பட்டிருந்தது. வெப்பம் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஊர் இருண்டுவிடும். இருண்ட ஊரை ஆட்டக்காரர் பிடுங்கி எறிந்துவிட்டு வேறோர் ஊரைச் செருகிவிடுவார். வரைவூருக்கு முன்பு அங்கே இருந்த ஊர் அப்படித்தான் போனது. அதன் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை.

வரைவூரின் தலைமை ஓவியராக இருந்தவள் வடிவு. நிமிர்ந்த கழுத்தோடு நடப்பாள். அவளுடைய தம்பி கதிரேசன் பின்வாசல் பெண்ணை மணந்து அங்கேயே குடியேறி, சக்கரத்தின் தலைமைக் காவலனாக உயர்ந்திருந்தான்.

நாட்டை ஆண்ட ஒளிவேந்தர் விளக்குகளில் பெருவிருப்பம் கொண்டவர். அரண்மனைக்கு மட்டும் நீர்க்குழாய்கள் ஓடியதால் வெப்பம் என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு சொல்; அதையும் பிறர் சொல்லித்தான் கேட்டிருந்தார். ஒருநாள் அவர் தம் வண்ண விளக்குகள் முன்புறத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லையே என்று வருந்தினார். அவ்வருத்தம் மாலைக்குள் முகப்புப் பொலிவுச் சட்டமாயிற்று. சல்லடைக் கண்களின்மேல் பளபளக்கும் கண்ணாடி பொருத்தப்பட்டது. ஓரத்து இடுக்குகளில் நுழைந்த காற்று மட்டும் மிஞ்சியது.

வரைவூரார் முறையிட்டார்கள். குளிர்ச்சித்துறை அமைச்சர் தண்ணளியார், இருபுறமும் இரு பணியாளர் விசிற, ஊருக்கு எழுந்தருளினார்.

“ஐயா, காத்து வரலைங்க,” என்றாள் வடிவு.

“காற்று வரவில்லை என்பது ஒரு கருத்து, அம்மையாரே. காற்று வருகிறது என்பதும் ஒரு கருத்து. அரசு இரண்டையும் சமமாக மதிக்கிறது.”

“கருத்து இல்லீங்க, வேர்வை,” என்று வடிவு முந்தானையைப் பிழிந்து காட்டினாள். அமைச்சரின் செருப்பு நனைந்தது.

அமைச்சர் அதைக் கவனத்தில் கொண்டார். மறுநாளே நாடெங்கும் சிவப்பு விளக்குகள் அணைக்கப்பட்டு நீல விளக்குகள் ஏற்றப்பட்டன. நீலமே குளிர்ச்சியின் நிறம் என்று வல்லுநர் குழு கண்டறிந்திருந்தது. கூடவே, வரைவூரின் நடுவில் தொங்கிய வெப்பமானி முன்வாசலுக்கு இடம் மாற்றப்பட்டது. சூடான இடத்தில் வைத்தால் கருவி கெட்டுவிடும் என்பது அரசு தந்த விளக்கம்.

“நீல வெளிச்சத்துல வேர்வைகூட நீலமா வழியுது பாருங்க,” என்றார் மூத்த ஓவியர் செல்லக்கண்ணு. “அடுத்து நம்மளையும் நீலமா அடிச்சிட்டா, குளிர் தாங்காம செத்தோம்னு கணக்கு எழுதிடுவாங்க.”

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வரைந்தார்கள். ஒரு படமும் விடுபடவில்லை.

அதன் பிறகுதான் அந்த மகத்தான சட்டம் வந்தது. அரண்மனை முற்றத்தில் கூடிய மக்கள் முன் தண்ணளியார் குரல் தழுதழுக்கப் பேசினார்: “பெருமக்களே! முன்வாசல் மக்கள் அரும்பாடு பட்டுக் கொண்டுவரும் காற்றை, பின்வாசல் வழியே நாம் அந்நியருக்கு அள்ளி விடுகிறோம். உலகில் எந்த நாடாவது தன் காற்றைத் தானே வெளியேற்றுமா? இன்று முதல் எல்லாச் சக்கரங்களும் உள்நோக்கியே சுழலும். நம் காற்று நமக்கே!”

முற்றம் அதிர்ந்தது. கைதட்டியவர்களில் வரைவூராரும் இருந்தார்கள். அந்தச் சொற்களில் ஒரு நிமிர்வு இருந்தது. நிமிர்வு எவருக்குத்தான் பிடிக்காது? வடிவின் கைகள்கூட இருமுறை தட்டிய பிறகுதான் நின்றன. அடுத்த கணம் அவள் பின்வாசலை நோக்கி ஓடினாள்.

கதிரேசன் சக்கரத்துக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தான். அச்சில் மாலை தொங்கியது.

“கதிரேசா, திருப்பிடாதடா.”

“வாக்கா. நல்ல நாளும் அதுவுமா வந்து என்ன பேச்சு இது?”

“நீ வெளியே தள்ளாட்டி நாங்க உள்ள வெந்துருவோம். கோடு எட்டுற தூரத்துல நிக்குது.”

“உனக்குத்தானேக்கா நல்லது? முன்னாடியிருந்தும் காத்து, பின்னாடியிருந்தும் காத்து. ரெண்டு மடங்கு.”

“வந்தது எங்கடா போகும்?”

அவன் துணியைக் கீழே வைத்தான். “இத்தனை வருஷமா எங்களை என்னான்னு கூப்பிட்டாங்க? கழிவுக்காத்துக்காரங்க. உன் மக கல்யாணத்துலயே என் பொண்டாட்டிக்குக் கடைசிப் பந்தியிலதான் எலை போட்டாங்க. நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? இன்னைக்கி அமைச்சரே என் கையைப் புடிச்சு, ‘நீயும் கொண்டுவருகிறவன்’னு சொன்னாருக்கா. இந்தக் கையை.”

அவன் கையை நீட்டிக் காட்டினான். அந்தப் பந்தியை வடிவு அன்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சக்கரம் திருப்பப்பட்டது. முதலில் சற்று நேரம் விழா போலவே இருந்தது. இரு திசைக் காற்றும் நாட்டின் நடுவில் மோதிச் சுழன்று தோரணங்களைப் பறக்கவிட, மக்கள் ஆரவாரித்தார்கள். பிறகு காற்றுக்குப் போக இடமில்லாமற் போயிற்று. போக இடமில்லாத காற்று நின்றது. கூரைச் சக்கரங்கள் வழியே வெளியேறிக்கொண்டிருந்த அரண்மனைச் சூடும், அவையும் சட்டப்படி திருப்பப்பட்டதால், கீழே வரைவூரின் தலையில் வந்து இறங்கியது.

முன்வாசல் வெப்பமானி இதமான குளிர்ச்சியைக் காட்டியது. அரசு அதை நாள்தோறும் முரசறைந்து அறிவித்தது.

வரைவூரின் உட்கூடத்தில் செவ்வந்தி என்ற இளம் ஓவியர் தூரிகையைப் பிடித்தபடியே மயங்கிச் சரிந்தாள். பக்கத்தில் இருந்தவள் இரு கைகளாலும் இருவர் படத்தையும் வரைந்தாள். அடுத்த கூடத்தில் நால்வர் விழுந்தார்கள். நால்வர் பங்கையும் மற்றவர்கள் வரைந்தார்கள். அப்போதும் ஒரு படமும் விடுபடவில்லை. வெப்பம் செங்கோட்டின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வடிவு அரசவைக்குப் போனாள். அவள் சொன்னதையெல்லாம் தண்ணளியார் கண்மூடிக் கேட்டார்.

“அம்மையாரே, ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு இன்னல் என்கிறீர்களே, உங்கள் ஊர் ஒரு படத்தையாவது விட்டதா?”

“விட்டதில்லை,” என்றாள் வடிவு. பழக்கம் பேசியது, தலை தானாக நிமிர்ந்தது.

“வெளியே ஆட்டக்காரர் குறையேதும் கண்டாரா?”

“இல்லை.”

“அவையோரே, கேட்டீர்களா? நம் ஆட்சியின் சிறப்புக்கு வரைவூரைவிடப் பெரிய சான்று ஏது?”

அவை எழுந்து நின்று கைதட்டியது. ஒளிவேந்தர் தாமே இறங்கிவந்து வடிவின் மார்பில் ‘குளிர்ச்சித் திலகம்’ என்ற செப்புப் பதக்கத்தைக் குத்தினார். ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதக்கம் சூடேறிக்கொண்டே வந்தது. வரைவூர் எல்லையை மிதித்தபோது அது நெஞ்சைச் சுட்டது. கழற்றிப் பார்த்தாள், வட்டமாகத் தோல் சிவந்திருந்தது.

அவள் நேரே பெருங்கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

“தூரிகையைக் கீழ வைங்க.”

யாருக்கும் விளங்கவில்லை. கைகள் வரைந்துகொண்டிருக்க, கண்கள் அவளைப் பார்த்தன.

“என்னம்மா சொல்ற?” என்றார் செல்லக்கண்ணு. “நம்ம ஊரு விட்டதில்லையேம்மா. எங்கப்பன் சாகுறப்பக்கூட படத்தை முடிச்சிட்டுத்தான் செத்தான்.”

“தெரியும்ண்ணே. அந்தப் பெருமையைத்தான் இன்னைக்கி அவங்க சாட்சிக் கூண்டுல ஏத்தி எனக்கு எதிரா பேச வச்சாங்க. நாம வேகுறது வெளிய தெரியாம மறைச்சது கண்ணாடியில்ல, நீல வெளக்குமில்ல. நாமதான். அவ்வளவு அழகா வரைஞ்சிருக்கோம்.”

“நிறுத்தினா நம்மளைப் பிடுங்கி எறிஞ்சிட்டா?”

“கோட்டைத் தாண்டி இருண்டு போனா நிச்சயம் எறிவாரு. நாமளா நிறுத்தினா, ஏன்னு ஒரு தரம் குனிஞ்சு பாப்பாரு. பாக்கிற ஆளுதான்னு நம்புறேன்.”

மூலையில் படுக்கவைக்கப்பட்டிருந்த செவ்வந்தியின் கையில் தூரிகை இன்னும் இருந்தது. அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். தூரிகை தரையில் விழுந்த ஓசை அந்த ஊர் அதுவரை கேட்டிராத ஓசை. பிறகு இன்னொன்று. பிறகு மழை தொடங்குவதுபோல எங்கும். செல்லக்கண்ணு மட்டும் தம் தூரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடைசியாக வைத்தார். அழுதார். கழுத்து மட்டும் வளையவில்லை.

மேலே திரையில், வாளை ஓங்கிய வீரன் ஓங்கியபடியே நின்றான்.

தண்ணளியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். விசிறுபவர்களால் அவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. “வரையுங்கள்! இது நாட்டுத் துரோகம்! வெளியே என்ன நினைப்பார்கள்?”

“முன்வாசல்ல குளிர்ச்சியா இருக்குன்னு கருவி சொல்லுதே ஐயா,” என்றாள் வடிவு. “அதையே திரைக்கு அனுப்பி வைங்க.”

ஆட்டக்காரர் மேசையைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு நாற்காலி நகரும் ஓசை கேட்டது. கண்ணாடி எல்லைக்கு அப்பால் ஒரு பெரிய முகம் இறங்கி வந்தது. உள்ளங்கை கண்ணாடியைத் தொட்டது, சுட்டுக்கொண்டு விலகியது. சற்று நேரத்தில் ஒரு திருப்புளி வந்தது. எல்லைச் சுவரின் திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்நாட்டு மக்கள் முதன்முறையாக இடையில் ஏதுமின்றி வெளியைக் கண்டார்கள்.

ஆட்டக்காரர் சக்கரங்களின் முன் கை வைத்துப் பார்த்தார். எல்லாம் உள்நோக்கியே சுழல்வதை உணர்ந்ததும், நம்ப முடியாதவரைப்போல மறுமுறையும் வைத்துப் பார்த்தார். பிறகு முகப்புக் கண்ணாடியைக் கழற்றி வீசினார். கூரைச் சக்கரங்களைத் திருப்பினார். கடைசியாகப் பின்வாசல் சக்கரத்தைத் திருப்பினார்.

நின்றிருந்த காற்று நகர்ந்தது. செங்கோட்டின் விளிம்பிலிருந்து வெப்பம் இறங்கியது.

வடிவு பின்வாசலுக்குப் போனபோது கதிரேசன் சக்கரத்தருகே கைகட்டி நின்றான். மாலையைக் காணோம், அது எப்போதோ கருகி உதிர்ந்திருந்தது.

“கடைசிப் பந்திக்கே திரும்ப வந்துட்டேன், அக்கா,” என்றான்.

வடிவு அவன் கையைப் பிடித்து, வெளியேறும் காற்றின் நடுவில் நீட்டினாள். அவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மறுபடி தானாகவே நீட்டினான்.

“யம்மா... இவ்வளவு சூடா? இதையா நான் இத்தனை வருஷமா தள்ளிக்கிட்டிருந்தேன்?”

“நீதான். எங்களை உசுரோட வச்சிருந்தது நீதான்டா. அடுத்த பந்தியில உன் எலைக்கு அப்புறந்தான் எனக்கு.”

அவன் வேறு பக்கம் திரும்பி, சக்கரத்தின் அச்சைத் தேவையில்லாமல் துடைத்தான். நிமிர்ந்தபோது அவன் கழுத்து அக்காளின் கழுத்தைப் போலவே இருந்தது.

அதற்குள் அரண்மனை முரசு ஒலித்தது. அரசு நெடுநாளாகத் திட்டமிட்டிருந்த வெப்ப ஏற்றுமதித் திட்டம் மாபெரும் வெற்றியுடன் தொடங்கிவிட்டதாகத் தண்ணளியார் அறிவித்தார். “ஓவியர் பெருமக்களே, இனித் தடையின்றி வரையலாம்! ஆட்டக்காரர் காத்திருக்கிறார்!”

ஆட்டக்காரர் காத்திருக்கவில்லை. பெட்டியிலிருந்து வெளியேறிய வெப்பமெல்லாம் அவர் அறையில் நிறைந்திருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் ஜன்னலைத் திறக்கப் போனார். திறந்து கிடந்த எல்லையின் வழியே வடிவு பார்த்தாள். ஜன்னல் கதவுகளின் குறுக்கே பலகை அடிக்கப்பட்டிருந்தது. பலகையின்மேல் வட்ட முத்திரையோடு ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. எழுத்துகள் பெரியவை; பேரொளி நாட்டின் நடுவில் நின்றே படிக்க முடிந்தது.

நம் காற்று நமக்கே.

ஆட்டக்காரர் அதை இதற்கு முன்பும் பலமுறை பார்த்திருக்க வேண்டும். இப்போதுதான் படிப்பவரைப்போல நின்றார். ஒரு முறை திரும்பி, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

வரைவூரில், பழக்கம் தாளாமல், சில கைகள் தூரிகையை நோக்கி நீண்டன.

“யாரும் எடுக்காதீங்க,” என்றாள் வடிவு. “அவருக்கு இப்ப விளையாட்டுக் காட்ட வேண்டாம்.”

“விட்டிருக்கோம்,” என்றார் செல்லக்கண்ணு, புதிய சொல்லை நாக்கில் சுவைத்துப் பார்ப்பதுபோல.

“இன்னும் கொஞ்சம் விடுவோம்,” என்று ஊர் பதில் சொன்னது.

வெளியே, திருப்புளியை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.