கடுகில் பாதிக்கு ஒரு திறப்பு விழா

மனித குல வரலாற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாகப் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டியது, அந்த ஆய்வுக்கூடத்துக்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்து சேர்ந்ததுதான். மூலக்கூறுகளையே எடை போடும் மகத்தான இயந்திரம். கடுகில் பாதியளவு சதை போதும். அதிலுள்ள எந்தக் கொழுப்பு வீக்கத்தை மூட்டிவிடுகிறது, எது அணைக்கிறது என்று புட்டுப் புட்டு வைத்துவிடும்.

முதல் சதைத் துணுக்கு, இயந்திரத்தை இயக்கும் ஆய்வாளரின் சொந்தத் தங்கையுடைய கல்லீரலிலிருந்து வந்தது. அந்தக் கொழுப்புகளின் அளவு தெரிந்தால்தான் என்ன மருந்து என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். மறுபடி ஊசி குத்தினால் ரத்தம் நிற்காது என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒரே துணுக்கை அக்காவே குப்பியிலிட்டு உறைபனிப் பெட்டியில் வைத்தாள்.

ஆனால் வந்ததும் வராததுமாக அளந்துவிடுவது பண்பாடா? விழா வேண்டாமா? வைத்தார்கள்.

மேடையில் உறைபனிப் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்த ஆய்வுக்கூட இயக்குநரிடம் புகைப்படக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

"குப்பிக்குள்ள இருந்தா ஒண்ணுமே தெரியல சார். வெளிய எடுங்க. கையுறையையும் கழட்டிடுங்க, கை கை மாதிரியே இல்ல."

"வெளிய எடுத்தா கெட்டுடும் சார்," என்றாள் அக்கா, தனக்கே கேட்காத குரலில்.

"ஒரே நிமிஷம்மா." இயக்குநர் விரல் நுனியில் சதையை ஏந்தி வலப்பக்கம் சிரித்தார். பிறகு இடப்பக்கம்.

அப்புறம் அளந்தார்கள். உலகம் காணாத ஒரு கொழுப்பு திரையில் மலைபோல் எழுந்தது. அவசரக் கூட்டம் கூடி, அதற்கு 'இயக்குநர் கொழுப்பு' என்று ஏகமனதாகப் பெயர் சூட்டியது. அக்காவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. இயக்குநர் கையில் பூசும் கிரீமில் ஒரு துளி வாங்கி அளந்தாள். அதே மலை. தங்கையின் கொழுப்புகளோ மேடைச் சூட்டில் சிதைந்து, இருந்த இடமே தெரியவில்லை.

"பாத்தீங்களா, விரல் பட்டதைக்கூட மெஷின் விடல," என்று இயக்குநர் பூரித்தார். "இதுக்கு ஒரு பாராட்டு விழா வெச்சே ஆகணும். உங்க தங்கச்சிகிட்ட இன்னொரு துணுக்கு கேட்டுப் பாருங்க."

மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். இயந்திரத்தின் நுட்பத்தையும் விடவில்லை, பழக்க தோஷம்.

தங்கை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அவர் வெளிய எடுத்தப்ப நீ எங்கக்கா இருந்தே?"

"பக்கத்துலதான்."

"என்ன பண்ணிட்டிருந்தே?"

அக்கா விஞ்ஞானி, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"கை தட்டிட்டிருந்தேன்."