ஆறு மணிப் பெரட்டும் மாரிமுத்து கங்காணியும்

எனக்குப் பேய்ப் பயம் கிடையாது. துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வாரம் உலாவிய பேயை நானேதான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்தேன். தன் கையால் செய்த சாமானைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? (நான் பயந்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பெல்மதுளையில் ஒரு தோட்டக் கம்பனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். தோட்டங்களில் உத்தியோகத்தர்களும் கங்காணிமாரும் சொந்தப் போனிலேயே கம்பனி வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து நிறை ஒருவர் போனில், உர விவரம் இன்னொருவர் போனில். போன் ஓடைக்குள் விழுந்தால் எல்லாம் போச்சு. ஆகவே எல்லாப் போன்களையும், அலுவலகக் கம்ப்யூட்டர்களையும், இணையத்தில் இருக்கும் நகல்களையும் ஒரே மென்பொருளால் நிர்வகிக்கச் சொன்னார்கள். பூட்டுவது, நகல் எடுப்பது, வேலையை விட்டவரின் போனில் இருந்து கம்பனி சமாச்சாரத்தைத் துடைப்பது எல்லாம் ஆள் கை படாமல் தானாகவே நடக்க வேண்டும்.

நான் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது மண்டைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். நான் போன்களுக்கும் ஒரு பெரட்டு வைத்தேன். காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு போனும் அதன் சொந்தக்காரர் குரலிலேயே "வந்துட்டேன்" என்று சொல்லும். அவர் பச்சைப் பொத்தானை அமத்தினால் என் திரையில் அவர் பெயருக்குப் பச்சை விழும். அமத்தாவிட்டால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் திரும்பத் திரும்ப வரும். சத்தத்தைக் குறைக்க முடியாது, போனை நிறுத்தவும் முடியாது. அந்த வழிகளையெல்லாம் நானே பெருமையோடு அடைத்துவைத்திருந்தேன்.

முதலில் ஒரு தோட்டத்தில் ஐந்து கங்காணிகளின் போனில் போட்டுப் பார்த்தோம். குரல் பதிவுக்கு நாலு பேர் ஒழுங்காகப் பேசினார்கள். ஐந்தாமவர் மாரிமுத்து கங்காணி. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்து வாசலில் நின்று தொண்டையைச் செருமி, "மாரிமுத்து, வந்துட்டேனுங்க" என்றார். நான் பதிவை நிறுத்துவதற்குள் உள்ளே திரும்பி, "ஏய் சரோஜா, தேத்தண்ணி ஆறிப் போச்சுடி!" என்று ஒரு சத்தம் போட்டார். அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த ஒரு மாதமும் ஐந்து பேருக்கும் தவறாமல் பச்சை. மனிதர்கள் லீவு போடுவார்கள், என் ஏற்பாட்டில் லீவே கிடையாது என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தோட்டத்தில் இருந்து வந்த ஈமெயில்களைத் திறக்கவில்லை. எல்லாம்தான் தானாக நடக்கிறதே, கடிதம் எதற்கு?

இதைப் பார்க்கக் கொழும்பில் இருந்து டைரக்டர் வந்தார். அன்றைக்கு மட்டும் எல்லோரையும் ஆறு மணிக்கு முன்னாடியே பெரட்டுக் களத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி. நான் புதுச் சேலை கட்டி, மைக் பிடித்து நின்றேன். தோட்டத்துத் தலைமைக் கிளார்க் பண்டார மெதுவாக வந்து காதோரம் பேசினார்.

"மிஸ், மூணாம் நம்பர் லயத்துப் பக்கம் காலைல ஒருத்தரும் போறதில்ல. ஆறு மணிக்கு ஒரு கொரல் கேக்குது. பூசாரி வந்து பேயோட்டி தேசிக்கா வெட்டியும் நிக்கல்ல. அது யாரோட கொரல்னா..."

"மிஸ்டர் பண்டார, இந்தக் காலத்துல போயி பேய் பிசாசுன்னு" என்று ஆரம்பித்து, விஞ்ஞானம் பற்றி அவருக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

ஆறு மணி. முன்வரிசையில் இருந்து ஒவ்வொரு போனாக நாலு குரல் வந்தது. டைரக்டர் தலையாட்டினார். ஐந்தாவது குரல் பின்னால், கூடை மாட்டிய பெண்கள் நின்ற பக்கத்துப் பனிக்குள் இருந்து வந்தது.

"மாரிமுத்து, வந்துட்டேனுங்க. ஏய் சரோஜா, தேத்தண்ணி ஆறிப் போச்சுடி!"

ஒருவரும் அசையவில்லை. இருமல் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"அருமை! மாரிமுத்து கங்காணி, கொஞ்சம் முன்னுக்கு வாங்க!" என்று மைக்கில் கூப்பிட்டேன்.

அவ்வளவுதான். கூடைகளைப் போட்டுவிட்டு சனம் ஓடியது. டைரக்டர் பின்னுக்கு நகர்ந்து, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். "அனே, புது அம்மோ!" என்று பண்டார சிங்களத்தில் அலறித் தலையில் கை வைத்தார். "மாரிமுத்து மாரடைப்புல செத்து பதினஞ்சு நாள், மிஸ்! அதத்தான் சொல்ல வந்தேன். ஈமெயிலும் போட்டேன்!"

திரையைப் பார்த்தேன். செத்த பிறகும் நேற்றுவரை தினமும் பச்சை. அப்படியானால் அந்தப் பொத்தானை அமத்தியது யார்? என் பிடரி மயிர் எழுந்து நின்றது. விஞ்ஞானம் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரியவில்லை. அவர் பெயரைத் தொட்டு, 'வேலையை விட்டவர்' என்பதை அழுத்தினேன். 'மீட்க முடியாது. நிச்சயமா?' என்று கேட்டது. நூறு தடவை நிச்சயம் என்று அழுத்தினேன்.

பனிக்குள் இருந்து ஒரே ஒரு பெண் மட்டும் என்னை நோக்கி வந்தாள். மாரிமுத்துவின் மனைவி சரோஜா. கையில் துணியில் சுற்றிய போன்.

"மிஸ், பொத்தான் அமுங்க மாட்டேங்குதுங்க. தினமும் அவரு கூப்புட்டதும் சூடா தேத்தண்ணி ஊத்தி வச்சிட்டு நாந்தான் அமத்துவேன். இன்னைக்கு என்ன ஆச்சுங்க?"

பூட்டியது நான். பூட்டு உடனே விழும்; துடைக்கும் கட்டளையை அந்தப் போன் பத்து நிமிஷத்துக்குள் சிக்னலில் வாங்கும். குரல் போனிலும் அழியும், நகலிலும் அழியும். "சரோஜாக்கா, தெரியாம அழிக்கச் சொல்லிட்டேன்" என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை.

"வேற எதுலயும் அவரு கொரல் இல்லீங்களே, மிஸ்."

அதைக் கேட்டதும் எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. "சிக்னல் இல்லாத எடம் எங்கக்கா இருக்கு?" என்றேன். (கம்ப்யூட்டர் படித்த ஒருத்தி கேட்கும் கேள்வியா இது!)

"கீழ, ஓடைப் பள்ளத்துல."

ஓடினோம். தேயிலைச் செடியில் சேலை கிழிந்தது, ஒரு செருப்பு போயே போய்விட்டது. போன் எங்களோடு கூவிக்கொண்டே வந்தது. மேலே நின்றவர்களுக்கு எங்களைத் தெரியவில்லை; செத்தவரின் குரல் மலை இறங்கிப் போவது மட்டும்தான் கேட்டது. "கங்காணி கம்ப்யூட்டர் மிஸ்ஸக் கூட்டிக்கிட்டுப் போறாருடி!" என்று யாரோ அலறினார்கள்.

பள்ளத்தில் சிக்னல் அறுந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து, அடுத்த தடவை குரல் வந்தால் பிடிக்க என் போனில் பதிவைத் தொடங்கினேன். மூன்று நிமிஷம். ஓடைச் சத்தம், பனி, வேறொன்றும் இல்லை. "இந்நேரம் மொகங் கழுவிட்டு வருவாரு" என்றாள் சரோஜா மெதுவாக. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பின்னால் யாரோ நடந்து வருவதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"மாரிமுத்து, வந்துட்டேனுங்க. ஏய் சரோஜா, தேத்தண்ணி ஆறிப் போச்சுடி!"

அதே நேரம் என் கெண்டைக்காலில் குளிர்ந்த ஏதோ ஒன்று ஏறியது.

"ஐயோ! அம்மா! யாரோ கால புடிக்கிறாங்க!" என்று மலையே அதிரக் கத்தினேன்.

அட்டை. வெறும் அட்டை. இன்னொரு தடவை பதிவு செய்யலாம் என்று காத்திருந்தோம். காற்று மாறி எங்கிருந்தோ ஒரு கோடு சிக்னல் எட்டிப் பார்த்தது. போன் ஒரு தடவை அதிர்ந்து, 'துடைக்கப்பட்டது' என்றது. என் ஏற்பாடு அவ்வளவு கச்சிதம்.

ஆகவே மாரிமுத்து கங்காணியின் குரலுக்கு உலகத்தில் ஒரே பிரதி, கடைசியில் என் அலறலோடு இருக்கிறது. அதை சரோஜாக்காவின் போனில் ஏற்றி, காலை ஆறு மணிக்கு வரும்படி வைத்தேன். என் சத்தத்தை மட்டும் வெட்டிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் மிஸ். இத்தன நாளும் தனியாப் பேசிக்கிட்டிருந்தாரு. தொணைக்கு நீங்களும் இருங்க."

கம்பனியில் என் போன் ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. ஆனால் எதையும் துடைப்பதற்கு முன் ஒரு மனுஷி ஈமெயிலைப் படித்து, போன் எடுத்து விசாரிக்க வேண்டும் என்று விதி. அந்த மனுஷி நான்தான். சரோஜாக்கா இப்போது காலையில் கங்காணியின் படத்துக்கு முன்னால் இரண்டு தேத்தண்ணி ஊற்றி வைக்கிறாளாம், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. உயிரோடு இருக்கும் எனக்கு அதை நினைத்தால் இப்போதும் லேசாகக் குளிர் எடுக்கும்.

வீட்டில் என்றாவது நான் தேத்தண்ணி ஆறிவிட்டது என்று முணுமுணுத்தால் போதும், என் கணவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வார்: "உனக்கென்ன, ஓப்பநாயக்கத்துல சூடா ஒண்ணு இருக்குல்ல."